சிறிய சபையை நடத்துவது எப்படி? போதகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முப்பது பேரிலிருந்து எழுபது பேர் வரை கூடும் ஒரு சபைக்குப் பொறுப்பேற்றிருப்பவருக்காக இதை எழுதுகிறேன். வாடகை ஹாலில், மொட்டை மாடியில் போட்ட ஷீட் கொட்டகையில், அல்லது ஒரு சேகரத்தின் (ஒரே குருவின் பொறுப்பிலுள்ள பல ஊர்ச் சபைகளின்) கடைக்கோடிக் கிராமத்துக் கோயிலில் நீங்கள் ஊழியம் செய்யலாம். இடம் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். பெரிய சபைகளில் பார்த்ததை அளவு குறைத்து இங்கே செய்ய வேண்டாம். ஒவ்வொரு வீட்டையும் போதகருக்கு நேரில் தெரியும் என்பதுதான் சிறிய சபையின் பலம். அந்தப் பலத்தை எப்படிக் காப்பது, அதன்மேல் மற்ற வேலைகளை எப்படிக் கட்டுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: முதல் சில மாதங்கள் வீடுகளுக்குத்தான்

புதிதாக வந்தவுடன் ஆராதனை முறையை மாற்றாதீர்கள். பெயர்ப்பலகை, பாட்டுக்குழு, நாற்காலி வரிசை எல்லாம் அப்படியே இருக்கட்டும். முதலில் எல்லா வீட்டுக்கும் ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

தமிழ்ச் சபைகள் வளர்ந்ததே இப்படித்தான். 1733-ல் தரங்கம்பாடியில் ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். புராட்டஸ்டண்ட் திருச்சபையில் அந்த அபிஷேகத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர். சுற்றியிருந்த கிராமங்களுக்குப் போய் சிறு சிறு கூட்டங்களாக இருந்த விசுவாசிகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய ஊழியமாக இருந்தது. அவருக்குப் பின் திருநெல்வேலிச் சீமையில் சபைகளைத் தாங்கிய உபதேசியார்களின் (குருப்பட்டம் பெறாத ஊர் ஊழியர்களின்) வேலையும் அதுவே.

வீட்டுக்குப் போகும்போது மனைவியையோ சபையின் மூத்தவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் ஒரு பெண் மட்டும் தனியாக இருந்தால் வாசலிலேயே நலம் விசாரித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்புங்கள். உள்ளே போனால் இருபது நிமிடம் போதும். கூலி வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்தவர்களுக்கு உலை வைக்க நேரம் வேண்டும். ஒரு சங்கீதம், ஒரு சிறு ஜெபம், நிறையக் கேட்பது. பிரசங்கம் வேண்டாம்.

கொடுப்பதைக் குடியுங்கள். இது சாதாரண மரியாதை என்று நினைத்துக் கடந்துவிடக் கூடாது. எந்த வீட்டில் போதகர் காபி குடித்தார், எந்த வீட்டில் “இப்போதான் குடிச்சுட்டு வந்தேன்” என்றார் என்பதைத் தெரு முழுக்கக் கவனிக்கும். காலனியில் இருக்கும் வீட்டில் நீங்கள் தம்ளரை வாங்கும் விதத்தை வைத்தே, உங்கள் சுவிசேஷம் உண்மையா என்று ஜனங்கள் முடிவு செய்வார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர், வேப்பேரி சபைகள் கொந்தளித்தன. ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகியும் தனித்தனி கல்லறைகளும் தனித்தனி பெஞ்சுகளும் இங்கே முற்றிலும் ஒழியவில்லை. ஐம்பது பேர் சபையில் போதகர் உறுதியாக நின்றால் இதை உடைக்கலாம். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி உட்காருங்கள், எல்லா வீட்டிலும் சாப்பிடுங்கள், திருவிருந்துக்கு வரும் வரிசையில் முன்னுரிமை யாருக்கும் தராதீர்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: குடும்பத்தார் பெயர், பிறந்தநாள், கல்யாண நாள், பிள்ளை எந்த வகுப்பு, யாருக்குச் சர்க்கரை, யார் வெளிநாட்டில் வேலை. பத்தாம் வகுப்புத் தேர்வு நாளன்று காலை அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் செய்தால் அதை அவர்கள் பல வருடம் நினைவில் வைத்திருப்பார்கள். இரகசியமாகச் சொன்ன விஷயங்களை மட்டும் இந்த நோட்டில் எழுத வேண்டாம்.

இன்னொன்று. வீட்டில் கேட்டது மேடைக்கு வரக் கூடாது. பெயர் சொல்லாவிட்டாலும், ஐம்பது பேர் நடுவில் யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். “நம்ம சபையில ஒரு சகோதரி இருக்காங்க...” என்று தொடங்கும் உதாரணம் ஒன்று போதும். அதன்பிறகு எந்த வீட்டிலும் உங்களிடம் மனம் திறந்து பேச மாட்டார்கள்.

படி 2: ஞாயிறு ஆராதனையும் பிரசங்கமும்

வேதாகமத்தின் ஒரு புத்தகத்தை எடுத்து வாரா வாரம் தொடர்ச்சியாகப் பிரசங்கியுங்கள். ரூத், பிலிப்பியர் இரண்டுக்கும் நான்கு நான்கு அதிகாரம்தான், ஆரம்பிக்க ஏற்றவை. பிறகு மாற்கு, 16 அதிகாரம், ஐந்தாறு மாதம் போகும். சனிக்கிழமை இரவு “நாளைக்கு எதைப் பேசுவது” என்று தவிக்க வேண்டியிருக்காது. அதோடு, யாரையோ குத்திக்காட்டவே அந்த வசனத்தை எடுத்தார் என்ற பேச்சும் எழாது. சிறிய சபையில் அந்தப் பேச்சு வெகு சீக்கிரம் கிளம்பும்.

முப்பது நிமிடம் போதும். கேட்பவர்களில் பலர் ஆறு நாளும் உடலால் உழைத்தவர்கள். செவ்வாய்க்கிழமையே பகுதியை வாசித்துவிடுங்கள். வாரம் முழுவதும் வீடுகளில் கேட்பது அந்தப் பகுதியோடு சேர்ந்து மனதில் ஊறும். பிரபல ஊழியர்களின் யூடியூப் செய்தியை அப்படியே ஒப்பிப்பதை உங்கள் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களும் அதே செய்தியைக் கேட்டிருப்பார்கள்.

பாட்டுக்கு ஒரு கீபோர்டும் டாம்பரினும் இருந்தால் போதும், எதுவும் இல்லாவிட்டாலும் பாமாலையும் கீர்த்தனையும் நன்றாகவே எழும்பும். ஒலிபெருக்கி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. முழு இரவு ஜெபத்தையும் டிசம்பர் 31 ஆராதனையையும் கதவைச் சாத்தி, ஒலிபெருக்கி இல்லாமல் நடத்துங்கள். ஐம்பது பேருக்கு மைக் எதற்கு? பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா, நோயாளி இருக்கிறாரா என்று நீங்களாகப் போய் விசாரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போங்கள், அவர்கள் எந்த மதமானாலும் சரி.

படி 3: பணம்

சிறிய சபைகள் உடைவதற்கு உபதேச வேறுபாட்டைவிடப் பணமே அதிகக் காரணமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். திருட்டு நடந்துதான் உடைகிறது என்றில்லை. எழுதி வைக்காததால் சந்தேகம் வருகிறது, சந்தேகத்தில் ஆட்கள் போய்விடுகிறார்கள். எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த தர்மப் பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட வைத்துக்கொண்டார், காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-ல் வெளிப்படையாக எழுதினார்.

ஆராதனை முடிந்த அன்றே, ஹாலிலேயே, உறவினர் அல்லாத இரண்டு பேர் காணிக்கையை எண்ணி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நீங்கள் எண்ணாதீர்கள், உங்கள் மனைவியும் எண்ண வேண்டாம். சபை பெயரில் வங்கிக் கணக்கு, பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. சுவரில் ஒட்டும் க்யூஆர் கோடு அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். போதகரின் சொந்த ஜிபே எண்ணை ஒட்டி வைப்பது இன்று பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மாதம் ஒருமுறை வரவு செலவை எழுந்து நின்று வாசியுங்கள். வாடகை, மின்சாரம், ஏழைகளுக்குக் கொடுத்தது, போதகர் சம்பளம் எல்லாம் அதில் இருக்கட்டும்.

ஆம், சம்பளம். “வருகிற தசமபாகம் எல்லாம் பாஸ்டருக்கு” என்ற ஏற்பாடு வேண்டாம் (தசமபாகம் என்பது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை). மூப்பர்கள் சேர்ந்து ஒரு தொகையை நிர்ணயிக்கட்டும், சிறியதானாலும் பரவாயில்லை. போதவில்லையென்றால் வாரத்தில் சில நாள் டியூஷன், தையல், ஆட்டோ என்று உழைப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பவுல் கூடாரம் தைத்தார். நேரம் குறையும் என்பது உண்மைதான். அப்போது கூட்டங்களைக் குறையுங்கள், வீட்டுச் சந்திப்புகளைக் குறைக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை சிலவற்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். விசுவாசிகளிடம் கடன் வாங்காதீர்கள், கடன் கொடுக்காதீர்கள், ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். சபைக்குள் சீட்டு நடத்த விடாதீர்கள். கணவருக்குத் தெரியாமல் ஒரு பெண் தாலிச் செயினையோ வளையலையோ காணிக்கைப் பையில் போட்டால் அதை எடுத்துப்போய் அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுங்கள். தசமபாகம் கொடுக்காததால்தான் வியாதி வந்தது என்று எந்த ஏழையிடமும் சொல்லாதீர்கள். கொடுப்பதைச் சபைக்குக் கற்றுத்தர நம்மிடமே அழகான வழி உண்டு. தென்மாவட்டச் சபைகளில் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து ஆலயத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பிடி அரிசியில் பணக்காரர் ஏழை வித்தியாசம் தெரியாது. இன்றும் செய்யலாம், அந்த அரிசியைச் சபையிலேயே கஷ்டப்படும் வீட்டுக்குக் கொடுக்கலாம்.

படி 4: சட்டமும் காகிதங்களும்

எந்தப் பேராயத்தையும் சேராத சுயாதீன சபையானால் ஒரு அறக்கட்டளையையோ சங்கத்தையோ பதிவு செய்யுங்கள். சங்கமென்றால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ். அறக்கட்டளையென்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில். அதன் பெயரில் பான் கார்டு எடுங்கள். நிலம் வாங்கினால் பத்திரம் அதன் பெயரில்தான் இருக்க வேண்டும். போதகர் பெயரில் வாங்கி, அவர் இறந்தபின் பிள்ளைகள் ஒரு பக்கமும் சபை ஒரு பக்கமும் நீதிமன்றம் ஏறும் நிலை வேண்டாம். அறங்காவலர்கள் எல்லோரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. கட்டடம் எழுப்பும் முன் உள்ளாட்சியிலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் வழிபாட்டுத் தலத்துக்கு என்னென்ன அனுமதி தேவை என்று கேட்டு, எழுத்தில் வாங்கிவிட்டு அஸ்திவாரம் போடுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வந்தால் கவனம். 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சபைக்காக அதைப் பெறக் கூடாது. போதகரின் சொந்தக் கணக்கில் வாங்கிச் சபைக்குச் செலவழிப்பதும் தவறு. வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாகவே இருந்து, தங்கள் சம்பாத்தியத்திலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்புவது இந்தக் கணக்கில் வராது. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் வரும்.

கல்யாணம் நடத்தும் அதிகாரம் போதகர் என்பதாலேயே வந்துவிடாது. 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரால் குருப்பட்டம் பெற்றவர்களுக்கு அது உண்டு. சுயாதீன சபைப் போதகர் மாநில அரசிடம் உரிமம் பெற வேண்டும். உரிமமில்லாமல் நடத்தினால் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது, அந்தத் தம்பதியின் திருமணமே செல்லாது என்ற நிலையும் வரலாம். உரிமம் கிடைக்கும்வரை, உரிமம் உள்ள பக்கத்துச் சபைப் போதகரை அழைத்து நடத்துங்கள், செய்தியை நீங்கள் கொடுங்கள். வழக்கமான நேரம் காலை 6 முதல் மாலை 7 வரை. மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது முடிந்ததற்குச் சான்று பார்க்காமல் ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்காதீர்கள். 2009-ம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் தம்பதிக்குச் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்காக அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுக்க வேண்டாம். ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே இந்தச் சட்டப்படி திருமணம் நடத்த முடியும்.

ஞானஸ்நானம் கேட்பவரிடம் நேர்மையாகப் பேச வேண்டிய ஒரு விஷயம் உண்டு. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கிய, பௌத்தர்களுக்கு மட்டுமே. கிறிஸ்தவராக மாறினால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் வருவார். பிள்ளையின் படிப்பு, வேலை, உதவித்தொகை எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது. இந்த அநீதியை மாற்றக் கோரி தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள், நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் சட்டம் இன்று இப்படி இருக்கும்போது, தண்ணீருக்குள் இறங்கியபிறகு அவருக்கு இது தெரியவரக் கூடாது. முன்கூட்டியே சொல்லுங்கள், யோசிக்க நேரம் கொடுங்கள், எந்த முடிவெடுத்தாலும் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

படி 5: பிள்ளைகளும் பெண்களும்

ஓய்வுநாள் பள்ளியிலும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு. ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் அதை மூப்பர் குழுவில் வைத்துப் பேசித் தீர்க்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம், சொல்லாமல் மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். செய்தவர் சபையின் பெரிய கொடையாளியாக இருந்தாலும் இதேதான்.

கணவன் அடிக்கிறான் என்று வரும் சகோதரியிடம் “பொறுத்துக்கொள்ளுங்கள், ஜெபம் பண்ணுங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். அன்றிரவு அவர் எங்கே தூங்குவார் என்பதுதான் முதல் கேள்வி. பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லுங்கள், உங்கள் மனைவியையோ மூத்த சகோதரி ஒருவரையோ அவரோடு இருக்கச் செய்யுங்கள். கணவனோடு பேசுவது பிறகு.

படி 6: வியாதியும் மரணமும்

சுகத்துக்காக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்ல மட்டும் எந்த ஊழியருக்கும் உரிமை கிடையாது. காசநோய்க்குப் பாதியில் மருந்தை விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். சர்க்கரை நோயாளி இன்சுலினை விட்டால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?” என்று கேட்டுவிட்டு ஜெபம் பண்ணுங்கள். மனநோயைப் பிசாசின் பிடி என்று அடித்து ஓட்டும் வழக்கத்தை உங்கள் சபைக்குள் நுழைய விடாதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

மரணம் நடக்கும் முன்பே அடக்கம் செய்ய இடம் எது என்று தெரிந்திருக்க வேண்டும். சுயாதீன சபைகளுக்கு இதுதான் மிகப் பெரிய நெருக்கடி. பெரிய சபைகளின் கல்லறைத் தோட்டத்தில் உறுப்பினர் அல்லாதவருக்கு இடம் தர மறுப்பார்கள், ஊர்ச் சுடுகாட்டில் தகராறு வரும், ஐஸ் பெட்டியில் உடலை வைத்துக்கொண்டு போதகர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார். இந்த வாரமே உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். பக்கத்து ஊர்ப் போதகர்களோடு சேர்ந்து பொதுக் கல்லறைக்கு ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். அருகிலிருக்கும் சேகர குருவோடும் பங்குத்தந்தையோடும் நல்ல உறவு வைத்திருங்கள்.

துக்க வீட்டுக்குச் செய்தி வந்தவுடன் போங்கள். போய் உட்காருங்கள், அவ்வளவுதான். வண்டி, மாலை, பெட்டி, சாப்பாட்டை இளைஞர்கள் இரண்டு பேரிடம் ஒப்படையுங்கள். குடும்பத்தில் பாதிப் பேர் வேறு மதத்தவராக இருந்தால், மூத்த மகனையோ அண்ணனையோ தனியாகக் கூப்பிட்டு, என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்பே பேசி முடியுங்கள், உடலுக்கு முன்னால் வாக்குவாதம் கூடாது. அடக்க ஆராதனையில் நரகத்தைப் பற்றிப் பேசி அந்த உறவினர்களை மிரட்டாதீர்கள். பதினாறாம் நாள் வரை கூட்டம் இருக்கும். அதற்குப் பிறகு மூன்றாம் மாதத்தில், யாருமே வராத நேரத்தில் போகும் போதகர்தான் அந்த வீட்டுக்கு வேண்டியவர்.

படி 7: பொறுப்பைப் பிரிப்பதும் பிணக்கைத் தீர்ப்பதும்

எல்லாச் சுமையையும் தனியே சுமக்காமல் ஆட்களுக்குப் பிரித்துக் கொடு என்று மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ சொன்னதை ஐம்பது பேர் சபையிலும் கேட்கலாம். கணக்குக்கு ஒருவர், பிள்ளைகளுக்கு ஒருவர், வீட்டுக் கூட்டத்துக்கு ஒருவர். மூன்று பேரும் உங்கள் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டாம். வேலையைக் கொடுத்தபின் தலையிடாதீர்கள். சகோதரிகளை அசன விருந்தின் அடுப்படியோடு நிறுத்தாதீர்கள். சபையின் வீடுகளைப் போதகரைவிட நன்றாக அறிந்தவர்கள் அநேகமாக அவர்கள்தான்.

இரண்டு குடும்பம் சண்டையிட்டால் மத்தேயு 18-ல் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள்: முதலில் இருவரும் தனியாக, பிறகு ஓரிரு சாட்சிகளோடு, கடைசியில்தான் சபை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போக முடிவெடுத்தால் மேடையில் சபிக்காமல் வீட்டுக்குப் போய் ஜெபித்து அனுப்புங்கள். மூன்று குடும்பம் போனால் வாடகை கட்டுவதே கஷ்டம் என்று எனக்குத் தெரியும், வலிக்கும், இருந்தாலும் அப்படியே செய்யுங்கள். வேறு சபையிலிருந்து ஒருவர் உங்களிடம் வந்தால் அந்தப் போதகருக்கு அன்றே போன் செய்யுங்கள்.

படி 8: உங்களையும் உங்கள் வீட்டையும்

வாரத்தில் ஒரு நாள், திங்களோ வேறொன்றோ, சபை வேலை வேண்டாம். அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது என்று சபைக்குச் சொல்லி வையுங்கள். போதகர் பிள்ளை என்பதற்காக உங்கள் பிள்ளை எல்லாக் கூட்டத்திலும் முன் வரிசையில் உட்கார வேண்டியதில்லை. மனைவிக்கு விருப்பமில்லாத பொறுப்பைப் “பாஸ்டர் அம்மா” என்ற பெயரால் சுமத்தாதீர்கள்.

உங்களுக்கும் ஒரு போதகர் வேண்டும். வேறு சபைகளின் போதகர்கள் இரண்டு மூன்று பேரோடு மாதம் ஒருமுறை உட்காருங்கள். கூட்டம் எத்தனை பேர் என்று ஒப்பிடாமல், மனச்சோர்வு, கடன், சோதனை என்று உள்ளதைப் பேசக்கூடியவர்களாக இருக்கட்டும். தேவாலயப் பணியாளர்களுக்குத் தமிழக அரசு ஒரு நல வாரியம் அமைத்திருக்கிறது. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் கேட்டு உறுப்பினராகப் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள். குடும்பத்துக்கு முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் அதையும் விண்ணப்பியுங்கள். ஆராதனைப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அறக்கட்டளைப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். வருடம் ஒருமுறை மூப்பர்கள் அவற்றைப் பார்வையிட்டுத் தேதியோடு கையெழுத்துப் போடட்டும்.